ஆரோக்கியம் ஷிஃப்டில்தான் ஏறுவார்கள்

போன மாதம் எங்கள் பழைய துணை மின்நிலையத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் வீட்டுக்கு வந்திருந்தார். இனிமேல் அங்கே ஷிஃப்டுக்கு ஆள் உட்கார வேண்டியதில்லையாம். கடலூரில் ஓர் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டினால் சிதம்பரத்துப் பக்கம் லைன் ஓடுமாம், நிற்குமாம். அதற்கு ஒரு சின்ன விழா, ஒரு மலர். பழைய ஆப்பரேட்டர் என்ற முறையில் என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காபியைக் குடித்து டம்ளரை வைத்துவிட்டு, "ஆரோக்கியசாமி சாரப் பத்திக் கொஞ்சம் ஜாஸ்தியா எழுதுங்க சார், எல்லாரும் அவரத்தான் கேக்குறாங்க" என்றார்.

என் நாலு பக்கத்திலும் அவனுக்குத்தான் பங்கு. இதுதான் என் அனுபவம், வேறொன்றும் இல்லை. என் பேர் கலியபெருமாள். இருபத்தாறு வருஷம் ஆப்பரேட்டராக இருந்தேன். அதில் பதினேழு வருஷம் ஆரோக்கியத்தின் மேல் பொறாமைப்பட்டேன். அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். அவன் இவன் என்றுதான் எழுதுவேன். இத்தனை வருஷம் வராத மரியாதை இனிமேலா வரப்போகிறது?

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பண்ருட்டியில் முந்திரிக் காட்டுக்குள் ஒரு வருஷம் கம்பம் ஏறினேன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகள் இடித்துச் சாய்க்கிற கம்பங்களை நிமிர்த்திக்கொண்டு இரண்டு வருஷம். ஒரு தடவை ஷாக் அடித்து இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு பரீட்சை எழுதி, சிதம்பரத்துக்கு வடக்கே கடலூர் ரோட்டை ஒட்டிய துணை மின்நிலையத்தில் உட்கார்ந்தேன். வெயில் இல்லை, மழை இல்லை, மேலே மின்விசிறி. சொகுசான வேலை என்று நினைத்துதான் வந்தேன்.

வெளியாட்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். கம்பத்தில் ஏறுகிறவனின் உயிர் ஆப்பரேட்டர் கையில் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் வேலைக்குப் பொறுப்பான லைன் இன்ஸ்பெக்டர் எங்களுக்கு போன் பண்ணி 'லைன் கிளியர்' கேட்பார். நாங்கள் பிரேக்கரைத் திறந்து லைனை நிறுத்துவோம். சுவிட்சைப் பிரித்துப் பூட்டுப் போடுவோம். லைனை பூமியோடு இணைத்து, மிச்சம் மீதி மின்சாரம் இல்லாமல் செய்வோம். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையைப் பேனலில் மாட்டுவோம். லாக் புக்கில் நேரத்தோடு எழுதி ஒரு நம்பர் கொடுப்போம். அந்த நம்பரை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அதே ஆள், அதே நம்பரைச் சொல்லி, ஆட்கள் இறங்கிவிட்டார்கள், லைனில் மின்சாரம் விடலாம் என்று ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு பலகையை எடுத்து, பூமி இணைப்பை விலக்கி, பூட்டைத் திறந்து சுவிட்சைச் சேர்த்து, பிரேக்கரைப் போடுவோம். டங் என்று ஒரு சத்தம் வரும், மீட்டர் முள் நகரும். அந்த ஒரு சத்தத்துக்கு முன்னால் ஆப்பரேட்டருக்கு வருகிற பயம் வேறு எந்த வேலையிலும் இருக்காது.

அந்தப் பயத்தில் பங்கு கேட்கலாம் என்றால் எங்கள் அதிகாரி ராஜமாணிக்கம் சார் தரமாட்டார். கன்ட்ரோல் ரூம் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எதையும் தொடமாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் முழுசாகக் கேட்டுக்கொள்வார். சட்டைப் பையில் இருக்கும் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடி, பையிலேயே வைப்பார். பிறகு சொல்வார்: "பாத்து செய்ங்க." அவ்வளவுதான். 'செய்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை, 'செய்யாதே' என்றும் சொன்னதில்லை. நல்லபடியாக முடிந்தால் அவர் சொல்லித்தான் செய்தது. கோணலாகிப் போனால், பார்த்துச் செய்யச் சொன்னாரே, இவன் பார்க்கவில்லையே.

ஆக, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மேலே கடவுளைத் தவிர ஆள் இல்லை. அந்தக் கடவுளும் ஆரோக்கியத்தின் ஷிஃப்டில் மட்டும் வருவார் என்று ஊரே நம்பியது. இதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம்.

அவன் கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவான். டிபன் பாக்ஸில் தினமும் மீன். வந்ததும் என் லாக் புக்கை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பொறுப்பு ஏற்பான். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. லைன் கிளியர் திரும்பி வந்து, பிரேக்கரைப் போடுவதற்கு முன்னால், வலது உள்ளங்கையைப் பேனலின் மேல் விரித்து வைப்பான். கண்ணை மூடுவான். உதடு மட்டும் அசையும். அரை நிமிஷம், சில நாள் ஒரு நிமிஷம். பிறகு கண்ணைத் திறந்து பிரேக்கரைப் போடுவான். முகத்தில் ஒரு கலக்கமும் இருக்காது. எனக்கோ ஒவ்வொரு தடவையும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

வெளியே வேலை செய்கிற வயர்மேன்கள் எனக்கு போன் பண்ணி முதலில் கேட்பது, "ரெண்டு மணிக்கு யாரு சார் வராங்க?" ஆரோக்கியம் என்று சொன்னால், "அப்ப ரெண்டு மணிக்கே ஏறிக்கிறோம்" என்று வைத்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கு முடிய வேண்டிய வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைப்பார்கள். இருட்டுவதற்குள் முடிக்க அல்லாடுவார்கள். ஆனாலும் என் ஷிஃப்டில் ஏறமாட்டார்கள். என் லாக் புக்கில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு நம்பர் தவறியதில்லை. இருந்தும் எனக்கு இந்த மரியாதை. எல்லாரும் அவனை 'மாமா' என்பார்கள். என்னை 'சார்' என்பார்கள். சார் என்று கூப்பிடும்போதெல்லாம் யாரோ என்னைத் தள்ளி உட்காரச் சொல்வது மாதிரி இருக்கும்.

லைன் இன்ஸ்பெக்டர் தனவேலிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "அவரு கைய வச்சா சாமி கூட நிக்குது சார்" என்றான்.

"அப்ப என் ஷிஃப்டுல சாமி லீவா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை.

சும்மா விடுவேனா? அடுத்த வாரமே கீழவீதியில் ஒரு பெரிய நடராசர் படம் வாங்கி, ஃபிரேம் போட்டு, பேனலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அவனுடைய மாதா காலண்டர் அதன் பக்கத்தில் தபால்தலை மாதிரி தெரிந்தது. காலையில் விபூதி, சாமந்திப் பூ, கற்பூரம். ராஜமாணிக்கம் சார் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பக்கத்து அறையில் பேட்டரி இருக்கிறது, அதிலிருந்து வருகிற வாயு நெருப்புப் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கே தெரியும். "கற்பூரமா?" என்றார். பேனாவைத் திறந்து மூடினார். "பாத்து செய்ங்க." அன்றோடு கற்பூரத்தை நிறுத்தினேன். ஒரு வயர்மேன்கூட நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பேசாமல் நெல்லிக்குப்பத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் இப்படித் திகைத்து நிற்கும்போது பூ கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்பு ஒரு பொட்டலத்தில் மடித்து, தில்லைக் காளி கோயிலில் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இங்கேயே இரு, சிவப்பு வந்தால் போ என்று வேண்டிக்கொண்டேன். என் மனைவி வசந்தா எடுத்தாள். சிவப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் கட்டினேன். திரும்பவும் சிவப்பு. மூன்றாவது வாரம் பூ வாங்கும்போது வசந்தா கேட்டாள்: "நீங்க சாமிய கேக்குறீங்களா, சாமிக்கு சொல்லிக் குடுக்குறீங்களா?" நான் மாற்றலுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. காளியே சொன்னாலும் ஆரோக்கியத்துக்கு இடத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் செய்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவன் லைன் கிளியர் கொடுக்கும்போது போனில் ரொம்ப நேரம் பேசுவான். யார் யார் வந்திருக்கீங்க, சாப்பிட்டீங்களா, உன் பொண்ணுக்கு ஜுரம் விட்டுதா என்றெல்லாம். இப்படிச் சோப்புப் போட்டுத்தான் பேர் வாங்குகிறான் என்று எனக்கு ஓர் எரிச்சல். அலுவலக போனில் அரட்டை அடிக்கிறார், வேலை கெடுகிறது என்று ராஜமாணிக்கம் சாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். அவனுக்கு மெமோ வந்தது. அவன் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து தன் சொந்த போனில் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒரு வருஷம் புயல் வந்தது. எங்கள் பக்கத்துக்குப் புயல் புதிதில்லை. அந்தத் தடவை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பஸ் ஓடவில்லை. ஆரோக்கியம் முதுநகரில் மாட்டிக்கொண்டான். அவன் ஷிஃப்டையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். வயர்மேன்களுக்கும் வேறு வழி இல்லை. முதல் தடவையாக எல்லாரும் என் ஷிஃப்டில் ஏறினார்கள்.

மூன்றாம் நாள் பகல். ஊருக்குள் போகிற லைனில் மூன்று இடத்தில் வேலை, மூன்று லைன் கிளியர். முதல் இரண்டும் பன்னிரண்டு மணிக்குள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது தனவேலுடையது. ஒரு தெருவில் வேப்பமரம் சாய்ந்து, நாலு கம்பத்துக் கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அவன் ஆட்களோடு தர்மபுரிப் பக்கத்து ஆட்களும் சேர்ந்து ஏறியிருந்தார்கள்.

பன்னிரண்டே காலுக்கு ஊருக்குள் இருந்த ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். ஜெனரேட்டருக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. குறைமாசத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் சூட்டுப் பெட்டியில் இருக்கின்றன. பேட்டரி அரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை, ரோடெல்லாம் மரம். எப்போது கரண்ட் வரும் என்று கேட்டார். சீக்கிரம் வரும் என்றேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் தனவேல் கூப்பிட்டான். சிக்னல் விட்டு விட்டு வந்தது. நம்பர் பதினேழு ஒப்படைக்கிறேன், ஆட்கள் இறங்கிவிட்டார்கள், லைன் விடலாம் என்றான். நம்பரைத் திருப்பிச் சொன்னேன். சரி என்றான். லாக் புக்கில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பலகையை எடுத்தேன், பூமி இணைப்பை விலக்கினேன், பூட்டைத் திறந்து சுவிட்சைச் சேர்த்தேன். சட்டப்படி பார்த்தால் என் வேலை முடிந்தது. பிரேக்கரைப் போட வேண்டியதுதான் பாக்கி.

போன் அடித்தது. ராஜமாணிக்கம் சார். டாக்டரம்மா அவருக்கும் சொல்லியிருக்கிறார். மூன்றும் திரும்பிவிட்டன, போடப்போகிறேன் என்று சொன்னேன். பேனா மூடி திறக்கிற சத்தம் போனிலேயே கேட்டது. "பாத்து செய்ங்க" என்றார்.

கையை பிரேக்கரிடம் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட ஆசை வந்தது. அவன் இல்லை. ரூமில் நான் மட்டும். அவன் செய்கிற மாதிரி கையை வைத்தால் அவனுக்குச் சொல்கிற சாமி எனக்கும் சொல்லுமா, பார்த்துவிடுவோம். பக்தியில் செய்தேன் என்று எழுதினால் பொய். பொறாமையில் செய்தேன். உள்ளங்கையைப் பேனலில் விரித்து வைத்துக் கண்ணை மூடினேன். நடராசா, ஏதாவது சொல்லு என்றேன்.

ஒன்றும் சொல்லவில்லை. பேனல் சில்லென்று இருந்தது. அவன் உதடு அசையுமே, என்ன சொல்வான் என்று யோசித்தேன். எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. இந்தக் கையை எடுத்துப் பிரேக்கரைப் போட்டால் கரண்ட் எங்கே போகும் என்று மனசு தன்னால் அந்தத் தெருவுக்குப் போயிற்று. சாய்ந்த வேப்பமரம். கம்பங்கள். கம்பத்தில் யார்? தனவேல் முகம் மட்டும் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு முகமே இல்லை. அத்தனை பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒருத்தன் பேர்கூட எனக்குத் தெரியாது. எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பதினேழு என்ற நம்பர்.

கை பேனலிலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தொன்பது. தனவேலைக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. திரும்ப. திரும்ப. நடுவில் டாக்டரம்மா கூப்பிட்டார். அஞ்சு நிமிஷம் என்றேன். அவர் வைத்துவிட்டார். இரண்டு குழந்தைகள் அங்கே குளிர்ந்துகொண்டிருக்கின்றன, என் லாக் புக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது, நான் மட்டும் ஒரு காரணமும் இல்லாமல் நிற்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன சொல்வேன்? சாமி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நின்றேன் என்றா? சட்டை நனைந்துவிட்டது. நடராசர் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். நீ சொல்லாவிட்டால் போ, என் கூடவாவது நில்லு என்றேன். அதை வேண்டுதல் என்று சொல்வதா, சண்டை என்று சொல்வதா தெரியவில்லை.

ஏழாவது தடவை தனவேல் எடுத்தான். எடுத்ததுமே கோபம். "குடுத்துட்டேனே சார், இன்னும் ஏன் போடல?"

"உன் கூட ஏறுனவங்க பேரு சொல்லு."

"என்னா பேரு?"

"ஒவ்வொருத்தனா சொல்லுடா. அவன் மூஞ்சிய பாத்துக்கினே சொல்லு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே சொன்னான். சேகர். பழனி. கொளஞ்சி. தர்மபுரி ஆட்களில் முனியப்பன், கோவிந்தன். அங்கே நின்றுவிட்டான். இன்னும் ஒருத்தன் இருக்கிறான், மாதேஷோ என்னவோ, சாப்பிடப் போயிருப்பான் என்றான். பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அதன் பிறகு போனில் அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. மாதேஷு, மாதேஷு என்று கூப்பிடுகிற சத்தம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைப் பேனலில் வைத்தபடி நின்றேன். அந்த ஒரு பேரைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் பக்கத்துச் சந்தில் இருந்தான். அங்கே ஒரு கம்பத்தில் கம்பி தொங்குகிறது என்று யாரோ வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார். ஊருக்குப் புதுசு, கேட்டவுடனே போய் ஏறிவிட்டான். அதுவும் அதே லைன். மேலே பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்து, வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருந்தானாம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தனவேல் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "எறங்கிட்டான் மாமா" என்றான்.

மாமா என்றான். அவனுக்கே தெரியாமல் வந்திருக்கும். அடுத்த வாக்கியத்தில் சார் ஆகிவிட்டேன்.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு பிரேக்கரைப் போட்டேன். டங். முள் நகர்ந்தது. ராஜமாணிக்கம் சார் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு லேட் என்றார். "பாத்து செஞ்சேன் சார்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். குழந்தைகள் என்ன ஆயின என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நாலு மணிக்கு டாக்டரம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். பேட்டரி நின்றதும் தாய்மார்கள் இரண்டு பேரும் பிள்ளைகளைத் துணிக்குள் விட்டு மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்களாம். இரண்டும் நன்றாக இருக்கின்றன. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் இல்லை, அதனால் எழுதலாம்.

மறுநாள் மதியம் எப்படியோ ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு ஆரோக்கியம் வந்து சேர்ந்தான். லாக் புக்கை அவனிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு லாரி நின்றது. தர்மபுரி ஆட்கள் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். அதிலிருந்து ஒல்லியாக ஒருத்தன் இறங்கி ஓடிவந்தான். இங்கே ஒரு மாமா கையை வைத்துச் சாமி கும்பிட்டுத்தான் கரண்ட் விடுவார் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நேரே போய் ஆரோக்கியத்தின் காலில் விழுந்தான். ஆரோக்கியம் பதறி, நான் இல்லப்பா, அவரு என்று பின்பக்கம் கையைக் காட்டினான். அதற்குள் லாரி ஹாரன் அடித்தது. அவன் இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். முன்னால் போய் நின்றிருக்கலாம். போகவில்லை. நான் காப்பாற்றியவனும் அவன் காலில்தான் விழ வேண்டுமா? வயிறு எரிந்தது.

ஈர முகத்தோடு உள்ளே போனேன். பதினோரு வருஷமாகக் கேட்க நினைத்து, கேட்டால் தோற்றுப்போவேன் என்று கேட்காமல் இருந்ததைக் கேட்டேன். "ஆரோக்கியம், நீ கைய வச்சிக்கினு என்னாதான் சொல்லுவ?"

"பேரு சொல்லுவேண்ணே" என்றான். "ஏறுனவங்க பேரு. லைன் கிளியர் குடுக்கும்போதே கேட்டு வச்சிக்குவேன். ஒவ்வொருத்தனா ஆண்டவர்கிட்ட ஒப்படைப்பேன். ஒரு பேரு வரலன்னா கைய எடுத்துட்டு மறுபடி போன் பண்ணுவேன்."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"எனக்கு எதுவும் சொன்னதில்லண்ணே. பக்கத்துல இருக்காருன்னு நெனச்சுக்குவேன். நெனச்சா அவசரம் அடங்கிடும். அதுக்கப்புறம் என்னா செய்யணும்னு தானா தெரியும்."

நான் அரட்டை என்று எழுதிய பேச்சு அதுதான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் லாக் புக்கைப் புரட்டிக்கொண்டே, "கடுதாசி விஷயமா? உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாண்ணே, தினம் பாக்குறேன்" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு சொன்னான்: "நேத்து வீட்டுல சும்மா கெடந்தேன். வெளிய யாரு ஏறியிருக்காங்கன்னு தெரியல. அதனால உங்க பேர மட்டும் சொல்லிக்கினு இருந்தேன். அந்தச் சேர்ல தனியா உக்காந்திருந்தீங்கல்ல."

வேறு யாராக இருந்தாலும் மனசு நெகிழ்ந்திருப்பார்கள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் வாழ்க்கையிலேயே ஒரு தடவை சாமி என் கூட நின்றது. அதுவும் இவன் சொல்லி அனுப்பித்தான் வந்ததா? வசந்தாவிடம் புலம்பினேன். "ஒருத்தன் உசுரோட ஊருக்குப் போயிருக்கான். யாரு கூப்ட்டு சாமி வந்துதுன்னு ஏன் அடிச்சுக்குறீங்க?" என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

அன்றிலிருந்து நானும் பேர் கேட்டேன். முதலில் வயர்மேன்கள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கையை வைத்து ஒவ்வொரு பேராகச் சொன்னேன். சட்டை முதுகில் ஒட்டுவது குறைந்தது. எப்போதாவது ஒரு குரூப் என் ஷிஃப்டிலும் ஏறியது. அப்படியும் நல்ல பெரிய வேலை என்றால் ரெண்டு மணிக்கு யார் வருகிறார்கள் என்றுதான் கேட்டார்கள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் கேட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரோக்கியம் என் வீட்டுக்கு வந்தான். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். இதயத்தில் மூன்று அடைப்பு. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் சர்க்கரை இருக்கிறது, ஆபத்து. மாத்திரையிலேயே ஓட்டலாம், அதிலும் ஆபத்து. டாக்டர் முடிவை அவனிடமே விட்டுவிட்டார். மூத்த மகள் வேண்டாம் என்கிறாள், மகன் செய் என்கிறான். காபியை ஆற விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "ஆண்டவர் ஒண்ணும் சொல்லலண்ணே" என்றான். உண்மையை எழுதிவிடுகிறேன். அதைக் கேட்டதும் என் மனசின் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏதோ அவனே தெளிந்துகொண்டு, ஆபரேஷன் செய்துகொள்வதாகச் சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "சர்ச்சுல ஜெபம் பண்றாங்க, வீட்டுல பண்றாங்க. அது வேற. இத்தன வருஷம் எல்லாரு பேரும் நான் சொன்னேன். என் பேரச் சொல்ல ஒரு ஆப்பரேட்டர் வேணும்ணே."

அண்ணாமலை நகரில் ஆஸ்பத்திரி. காலை எட்டு மணிக்கு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் அவன் மனைவியும் பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தேன். பேனல் மாதிரியே சில்லென்று இருந்தது. ஆரோக்கியசாமி என்று சொல்ல வாய் திறந்தேன். பேர் வரவில்லை. பதினேழு வருஷம். காலில் விழுந்த தர்மபுரிக்காரன். மாமா, மாமா என்று கூப்பிட்ட அத்தனை பேர். எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். நடராசா, இவன் எனக்கு ஆகாதவன், ஆனால் இவனை விட்டால் எனக்கும் ஆள் இல்லை, பத்திரமாக இறக்கிவிடு என்றேன். அதன் பிறகு பேர் வந்தது. ஐந்து மணி நேரம் சொன்னேன். நடுவில் ஒரு நர்ஸ், தாத்தா, இங்க நிக்காதீங்க என்று இரண்டு தடவை நகர்த்தினார். கையை எடுக்காமல் நகர்ந்துகொண்டேன்.

இறங்கிவிட்டான்.

இப்போது முதுநகரில் காலையில் கடற்கரை வரைக்கும் நடக்கிறானாம். போகிற வருகிறவர்களிடமெல்லாம் மாதா காப்பாற்றினாள் என்று சொல்கிறானாம். என் பேரை ஒரு இடத்திலும் சொல்வதில்லை என்று வசந்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அடுத்த வாரம் விழா. முன்வரிசையில் அவனை உட்கார வைப்பார்கள். வயர்மேன்கள் எல்லாரும் மாமா, மாமா என்று சூழ்ந்துகொள்வார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், வயிறு எரிந்துகொண்டு. கடலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப்போகிற தம்பிகள் என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: தட்டுவதற்கு முன்னால் பேர் கேளுங்கள்.

காலையில் குளித்துவிட்டு நடராசர் படத்துக்கு முன்னால் நின்று, பழக்கதோஷம், கையைச் சுவரில் வைக்கிறேன். இப்போது கம்பத்தில் ஏறுகிறவர்கள் யாரும் எனக்கு போன் பண்ணிப் பேர் சொல்வதில்லை. கைவசம் இருப்பது ஒரே ஒரு பேர். எரிச்சலோடு அதைத்தான் தினமும் சொல்கிறேன்.